டர்பனில் அறிவியல் புனைவு, ஃபேண்டஸி வாசிப்பு வட்டம் நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தமிழில் பேசிக்கொண்டே அறிவியல் புனைவும் ஃபேண்டஸியும் படிக்க ஒரு வட்டம் தொடங்கவேண்டும் என்று டர்பன் பக்கம் பலர் என்னிடம் கேட்கிறார்கள். சாட்ஸ்வர்த்தில் நாங்கள் நடத்தும் வட்டம் நான்காவது ஆண்டில் இருக்கிறது. ஃபீனிக்ஸிலும் வெருலத்திலும் புதிதாகத் தொடங்கியவர்களுடனும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எல்லோரும் ஏறக்குறைய அதே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அந்த இடங்களையும், எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

ஒரு விதியை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கலாம். பேச்சு தமிழில் இருக்கவேண்டும். நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஆங்கிலத்தில்தான் வேகமாகப் படிக்க வரும். ஆயாக்களுக்கு (பாட்டிகளை இங்கே அப்படித்தான் சொல்கிறோம்) தமிழ் பேச வரும், ஆனால் முந்நூறு பக்க ஆங்கில நாவலுக்குக் கண்ணும் ஒத்துழைக்காது, பொறுமையும் இருக்காது. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு இரண்டு மொழியும் வரும், இந்த ஊர் தெரியாது. ஒருவரிடம் இல்லாததை இன்னொருவர் கொடுக்கிறார். கீழே வரும் படிகள் எல்லாமே இந்த ஏற்பாட்டை நம்பித்தான் இருக்கின்றன.

1. தொடங்கும் முன் தயாராக இருக்கவேண்டியவை

ஆட்கள்: குறைந்தது ஆறு பேர். பத்துக்கு மேல் வேண்டாம். பத்தைத் தாண்டினால் பேசுகிறவர்களே பேசுவார்கள், தமிழில் தயங்கித் தயங்கிப் பேசும் பிள்ளைக்கு வாய் திறக்க இடம் கிடைக்காது.

நடத்துபவர்கள் இருவர் வேண்டும். ஒருவர் பேச்சைக் கவனிக்க, இன்னொருவர் எழுத. ஒரே ஆள் இரண்டையும் செய்யப்போய் மூன்றாவது மாதத்தில் களைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

இடம்: தமிழ் வகுப்பு நடக்கும் அறை, கோயில் கூடத்தின் ஒரு பக்கம், யாராவது வீட்டு முன்னறை. எதிரொலி இல்லாத சின்ன அறைதான் நல்லது. இங்கே சத்தமாக வாசிப்பது அதிகம், பெரிய கூடத்தில் வயதானவர்களுக்குக் காதில் விழாது.

நேரம்: சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்த கையோடு ஒன்றரை மணி நேரம், மாதம் இரண்டு முறை. ஞாயிறு வேண்டாம். கல்யாணம், சர்ச், கோயில் என்று யாராவது ஒருவர் இருக்கமாட்டார். புரட்டாசிச் சனிக்கிழமைகளையும் காவடிக்கு முந்தைய வாரங்களையும் முதலிலேயே நாள்காட்டியில் அடித்துவிடுங்கள். அப்போது கூட்டம் வைத்து மூன்று பேரோடு உட்கார்ந்தால் வட்டம் சரிந்துகொண்டிருக்கிறது என்ற எண்ணம் வந்துவிடும்.

ஒரு பெரிய நோட்டு. இது எதற்கு என்று நான்காவது பகுதியில் வரும். கதைகளைத் தாளில் அச்சடித்துக் கொண்டுவாருங்கள். கைபேசியில் படிக்கலாம் என்று விட்டால் மின்வெட்டு நாளில் பாதிப் பேர் சார்ஜ் இல்லாமல் வந்து நிற்பார்கள்.

2. யாரைச் சேர்ப்பது, என்ன கேட்பது

இரண்டு தலைமுறையாவது இருக்கவேண்டும். மூன்று இருந்தால் இன்னும் நல்லது. ஒரே வயதுக்காரர்கள் மட்டும் சேர்ந்தால் பத்து நிமிடத்தில் பேச்சு ஆங்கிலத்துக்குப் போய்விடும். ஆயா ஒருவர் எதிரில் உட்கார்ந்திருந்தால் பிள்ளைகள் தானாகத் தமிழுக்கு வருகிறார்கள், திருத்தவே தேவையில்லை.

சேர வருபவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். கடைசியாக முழுதாகப் படித்து முடித்த புத்தகம் எது? மறக்கமுடியாத மாயக்கதை எது? (சினிமாவும் படக்கதையும் சேர்த்திதான், ஆயா சொன்ன கதையும் சேர்த்திதான்.) எந்த விஷயம் வந்தால் படிக்கப் பிடிக்காது? மூன்றாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதன் பலன் ஒன்பதாவது பகுதியில் தெரியும்.

அம்மாவும் மகளும் ஒரே வட்டத்தில் வந்தால் தள்ளித்தள்ளி உட்காரச் சொல்லுங்கள். தன் அம்மாவிடம் கதை சொல்லக் கூச்சப்படும் பெண், பக்கத்து வீட்டு ஆயாவிடம் கைகால் ஆட்டிச் சொல்கிறாள்.

3. முதல் கூட்டத்துக்குப் புத்தகம் வேண்டாம், ஒரு சிறுகதை போதும்

எல்லோரும் தடுக்கும் முதல் இடம் இதுதான். நாங்களும் தடுக்கினோம். ஃபேண்டஸி எழுத்தாளர் டோல்கீன் 1892-ல் நம் ப்ளூம்ஃபொன்டெய்னில் பிறந்தவர், மூன்று வயதில் இங்கிலாந்து போனவர். நம் நாட்டில் பிறந்தவரிலிருந்தே தொடங்குவோம் என்று ஆசையாக 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எடுத்தோம். அதன் தொடக்கத்தில் ஹாபிட்டுகள் என்ற குள்ள மனிதர்களின் பழக்கவழக்கங்களை விளக்கும் நீண்ட முன்னுரை இருக்கிறது. கதை தொடங்கும் முன்பே பலர் களைத்துப்போனார்கள். பதினொரு பேரில் இரண்டே மாதத்தில் நாலு பேர் மிஞ்சினோம்.

முதல் கூட்டத்துக்கு, அங்கேயே சத்தமாகப் படித்து அங்கேயே முடிக்கக்கூடிய ஒரு கதை வேண்டும். வீட்டில் படித்துக்கொண்டு வரச் சொன்னால் பாதிப் பேர் படிக்காமல் வருவார்கள், படிக்காதவர் வெட்கத்தில் அடுத்த முறை வரமாட்டார். எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால் எல்லோரும் சமம்.

நான் எப்போதும் எடுப்பது எச். ஜி. வெல்ஸ் 1897-ல் எழுதிய 'தி ஸ்டார்'. அரை மணி நேரத்தில் வாசித்துவிடலாம். ஆசிரியர் 1946-ல் இறந்தார். நம் நாட்டில் காப்புரிமை ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 50 ஆண்டுகள் என்பதால் அச்சடித்துக் கொடுப்பதில் சிக்கல் இல்லை. புத்தாண்டு நாளில் நெப்டியூன் கோள் தடுமாறுகிறது என்ற அறிவிப்போடு கதை தொடங்குகிறது. வெளியிலிருந்து வந்த ஒரு பெரும்பொருள் அதில் மோதி, எரியும் நட்சத்திரமாகி, பூமியை நோக்கி வருகிறது. இடையில் ஒரே ஒரு வாக்கியத்தில் ஒரு தென்னாப்பிரிக்க நகரம் வருகிறது: அங்கே ஒரு பெரிய மனிதர் கல்யாணம் முடித்துப் பெண்ணோடு திரும்புகிறார், வானமே விளக்கேற்றி வரவேற்கிறது என்று கூட இருப்பவர் புகழ்கிறார். இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்துங்கள். 'அது எந்த ஊராக இருக்கும்?' என்று கேளுங்கள். அறை கலகலக்கும்.

கதையின் முடிவில் நிலா தூரம் போய்ச் சின்னதாகிவிடுகிறது. ஓர் அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் இடையில் எண்பது நாள். எங்கள் கூட்டத்தில் ஓர் ஆயா உடனே கேட்டார்: "அப்போ அமாவாசைக்கு அமாவாசை நாங்க கும்பிடுறது என்ன ஆகும் தம்பி? வருஷத்துக்கு நாலஞ்சுதானா?" அறிவியல் புனைவை எப்படிப் படிக்கவேண்டும் என்று நான் பாடம் எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒன்று மாறினால் மற்றவை என்னவாகும் என்று கேட்பதுதான் அந்தப் படிப்பு. அவர் அதை முதல் நாளே செய்துவிட்டார்.

ஆங்கிலத்தில் ஒரு பத்தி வாசித்ததும் ஒரு பிள்ளை அதைத் தமிழில் இரண்டு மூன்று வாக்கியத்தில் சொல்லட்டும். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கவேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மொழிபெயர்க்கச் சொன்னால் பயப்படுவார்கள், கதை சொல்லச் சொன்னால் பேசுவார்கள்.

4. சொல் நோட்டு

இந்த வகைப் புத்தகங்களில் ஆசிரியரே உண்டாக்கிய சொற்கள் நிறைய வரும். புதிதாகப் படிப்பவர் அதைப் பார்த்ததும் 'எனக்கு மட்டும் புரியவில்லை' என்று நினைத்துப் புத்தகத்தை மூடிவிடுகிறார். அதற்குத்தான் நோட்டு. பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள்: புத்தகத்தில் உள்ள சொல், அது என்ன என்று நமக்குப் புரிந்தது, நாம் தமிழில் வைத்த சொல். மூன்றாவது கட்டத்தை அன்றே நிரப்பவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

முதல் பயிற்சிக்கு 'ரோபோ' நல்ல சொல். செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-ல் எழுதிய நாடகத்திலிருந்து உலகத்துக்கு வந்தது. செக் மொழியில் 'ரொபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு. இயந்திர மனிதன், எந்திரன் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அப்போது நான் 'வெட்டி' என்ற சொல்லைக் கொண்டுவருவேன். இன்று வெட்டி வேலை என்றால் வீண் வேலை. சோழர் காலக் கல்வெட்டுகளில் வெட்டி என்றால் கூலியில்லாமல் கட்டாயமாகச் செய்த உழைப்பு. ரொபோட்டாவுக்கு இவ்வளவு பக்கத்தில் நிற்கும் சொல் தமிழிலேயே இருந்திருக்கிறது என்று தெரிந்ததும் பிள்ளைகளுக்குச் சொல் நோட்டின்மேல் ஒரு பிடிப்பு வந்துவிடும்.

அர்சுலா லெ குவின் 1966-ல் 'ஆன்சிபிள்' என்று ஒரு கருவியை உண்டாக்கினார். நட்சத்திரங்களுக்கு நடுவே எவ்வளவு தூரமாக இருந்தாலும் அந்த நொடியே செய்தி போகும். எங்கள் நோட்டில் அது 'நொடித்தந்தி'. தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று பயந்த காலத்தை வயதானவர்கள் சொன்னார்கள், அந்தப் பேச்சே இருபது நிமிடம் ஓடியது.

இங்கே இரண்டு பிழைகளைப் பார்க்கிறேன். ஒன்று, டிராகனுக்கு யாளி என்று எழுதுவது. யாளி நம் கோயில் தூண்களில் நிற்பது, சிங்க உடம்பு, சில இடங்களில் துதிக்கையும் உண்டு. நெருப்புக் கக்கிப் பறப்பது வேறு பிராணி. அதை டிராகன் என்றே விட்டுவிடுங்கள். இரண்டாவது, மாயவித்தை தெரிந்த எல்லோரையும் 'மந்திரவாதி' என்பது. அந்தச் சொல்லோடு செய்வினை, பில்லி சூனியம் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். நல்ல மாயக்காரரைப் பற்றிய புத்தகத்துக்கு அது முதலிலேயே கறை. எங்கள் வட்டத்தில் வாக்குவாதம் நடந்து, 'சித்தர்' என்று முடிவானது. உங்கள் வட்டம் வேறு சொல் எடுக்கலாம். வாக்குவாதம் நடக்கவேண்டும், அதுதான் முக்கியம்.

5. முதல் முழுப் புத்தகம்

மூன்று அல்லது நான்கு சிறுகதைகள் முடிந்தபிறகுதான் நாவல். அளவுகோல் எளிது: 200 பக்கம் அல்லது அதை ஒட்டி, ஒரே புத்தகத்தில் முடியும் கதை, பெயர்கள் அதிகம் இல்லாதது.

நான் முதலில் வைப்பது வெல்ஸின் 'தி டைம் மெஷின்', 1895. சிறிய புத்தகம், இரண்டு கூட்டத்தில் முடிந்துவிடும். கதாநாயகன் 8,02,701-ஆம் ஆண்டுக்குப் போகிறான். மேலே ஆடிப்பாடும் ஈலாய், கீழே இருட்டில் இயந்திரம் ஓட்டும் மார்லாக். யார் உழைக்கிறார்கள், யார் சாப்பிடுகிறார்கள் என்ற கேள்வி வந்ததும் பேசாதவர்களும் பேசுவார்கள்.

அடுத்தது லெ குவினின் 'எ விஸர்ட் ஆஃப் எர்த்சீ', 1968. இதில் ஒவ்வொன்றுக்கும் ஓர் உண்மைப் பெயர் இருக்கிறது. அதை அறிந்தவனுக்கு அதன்மேல் அதிகாரம். அதனால் யாரும் தன் உண்மைப் பெயரை வெளியே சொல்வதில்லை. இளையவர்கள் இதை விளையாட்டு விதி மாதிரிப் புரிந்துகொள்கிறார்கள். ஆயாக்கள் வேறு வழியாக வருகிறார்கள்: "எங்க காலத்துல புருஷன் பேரை வாயால சொல்லமாட்டோம். யாராச்சும் கேட்டா பிள்ளை பேரைச் சொல்லி அவங்க அப்பான்னு சொல்வோம்." இதைக் கேட்டபிறகு எனக்கு அந்தப் புத்தகமே வேறாகிவிட்டது.

இன்னொரு விஷயம். கதாநாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன், அவன் நண்பன் வெட்ச் இன்னும் கறுப்பு. பழைய அட்டைப்படங்கள் பலவற்றில் கதாநாயகனை வெள்ளையனாக வரைந்ததை லெ குவினே குறை சொல்லியிருக்கிறார். அட்டையைக் காட்டாமல் முதலில் படிக்க வையுங்கள், பிறகு காட்டுங்கள்.

பெரியவர்கள் மட்டும் இருக்கும் வட்டமானால் மூன்றாவதாக லாரன் ப்யூக்ஸ் எழுதிய 'ஸூ சிட்டி', 2010. ஜோஹன்னஸ்பர்க்கில் நடக்கிறது. குற்றம் செய்தவர்களோடு ஒரு விலங்கு வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொள்ளும். கதாநாயகி ஸின்ஸி முதுகில் ஒரு தேவாங்கு மாதிரியான ஸ்லாத். 2011-ல் அறிவியல் புனைவுக்கான ஆர்தர் சி. கிளார்க் விருது பெற்றது. வன்முறையும் போதையும் கெட்ட வார்த்தையும் உண்டு, பிள்ளைகள் இருக்கும் வட்டத்துக்கு ஆகாது.

டோல்கீன்? இரண்டாவது ஆண்டில் 'தி ஹாபிட்', அப்புறம் பெரியது. அந்த வரிசையில் போனபோது எங்கள் வட்டத்தில் ஒருவரும் விலகவில்லை.

6. தொடர் நாவல்களை எந்த வரிசையில் படிப்பது

வெளியான வரிசையில் படியுங்கள். கதைக்குள் எது முதலில் நடந்தது என்று பார்த்துப் படிக்கவேண்டாம். ஆசிரியர் எதை எப்போது நமக்குச் சொல்ல நினைத்தார் என்பது வெளியான வரிசையில்தான் இருக்கிறது.

சி. எஸ். லூயிஸின் நார்னியா இதற்குத் தெளிவான உதாரணம். 1950-ல் வந்த முதல் புத்தகத்தில், பனிக்காட்டின் நடுவே ஒரு தெருவிளக்கு தனியாக எரிகிறது. ஏன் என்று தெரியாது, அந்தத் தெரியாமைதான் அழகு. 1955-ல் வந்த 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ' அந்த விளக்கு எப்படி அங்கே வந்தது என்று சொல்கிறது. இப்போது பெட்டியாக விற்கும் ஏழு புத்தகத் தொகுப்புகளில் 1955 புத்தகத்துக்குத்தான் எண் 1 போட்டிருக்கிறார்கள். முதுகில் உள்ள எண்ணை நம்பாதீர்கள். உள்பக்கத்தில் முதலில் வெளியான ஆண்டைப் பாருங்கள்.

அசிமோவின் ஃபவுண்டேஷனும் அப்படித்தான். 1951, 1952, 1953 என்று மூன்று. 1988-ல் வந்த முன்கதை, மற்றவற்றைப் படித்தவருக்காக எழுதப்பட்டது. எர்த்சீ 1968-ல் தொடங்கி 1972-க்குள் மூன்று வந்தன, நான்காவது 1990-ல். அந்த இடைவெளியில் ஆசிரியரின் பார்வை மாறியிருக்கிறது, முதல் மூன்றையும் அவரே கேள்வி கேட்கிறார். மூன்றையும் முடித்தபிறகு நான்காவதற்கு வந்தால்தான் அது உறைக்கும்.

விதிவிலக்கு டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வர்ல்ட். 41 நாவல்கள். 1983-ல் வந்த முதல் புத்தகத்தில் தொடங்கவேண்டிய தேவை இல்லை. 1989-ல் வந்த 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' நல்ல வாசல்.

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்று நாவல் கிடையாது, 1954, 1955-ல் மூன்று பாகமாகப் பிரித்து அச்சிட்ட ஒரே நாவல். முதல் பாகம் முடியும் இடம் முடிவு மாதிரியே இருக்காது. இதை முன்பே சொல்லாவிட்டால் 'என்ன இது, பாதியில் நிற்கிறது' என்று ஏமாற்றம் வரும்.

7. புத்தகம் கிடைக்கும் வழி

எதைப் படிப்பது என்று முடிவானதும் ஆறு வாரம் முன்னாலேயே தேடத் தொடங்குங்கள். முதலில் நகராட்சி நூலகம். உங்கள் கிளையில் இல்லையென்றால் வேறு கிளையிலிருந்து வரவழைத்துத் தரக் கேளுங்கள், அதற்கு நாள் ஆகும். பிறகு பழைய புத்தகக் கடை. கடைசியாகத்தான் புதிது, ஏனென்றால் இறக்குமதி விலையோடு 15 சதவீத வாட் வரியும் சேர்கிறது.

பத்து பேருக்குப் பத்து பிரதி தேவையில்லை. நாலு பிரதி இருந்தால் போதும், படிக்கும் நால்வர் மற்றவர்களுக்குச் சொல்வார்கள். அடுத்த புத்தகத்துக்கு வேறு நால்வர்.

பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்ததே என்று தொடரின் மூன்றாம் பாகத்தை வாங்கிவந்து அதிலிருந்தே தொடங்குவது புதியவர்கள் செய்யும் பிழை. வாங்குங்கள், அலமாரியில் வையுங்கள், அதன் முறை வரட்டும். காப்புரிமை உள்ள நாவலை முழுதாக ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்காதீர்கள். அது சட்டப்படியும் தவறு, இன்று எழுதிக்கொண்டிருக்கும் நம் நாட்டு எழுத்தாளரின் வயிற்றிலும் அடிப்பது.

8. புத்தகத்தைத் துண்டு போடுவதும் கூட்டத்தை நடத்துவதும்

பக்க எண்ணை வைத்துத் துண்டு போடாதீர்கள், கதை மூச்சு விடும் இடத்தில் போடுங்கள். எர்த்சீ முதல் நாவலில் பத்து அத்தியாயம். நான்காவதில் கெட் ஆணவத்தில் ஒரு நிழலை உலகத்துக்குள் விட்டுவிடுகிறான், முதல் கூட்டம் அங்கே நிற்கட்டும். அடுத்த மூன்று அத்தியாயம் அவன் ஓடுவது. கடைசி மூன்று அவன் திரும்பித் துரத்துவது. 4, 3, 3 என்று பிரித்தால் ஒவ்வொரு கூட்டமும் 'அப்புறம் என்ன?' என்ற கேள்வியோடு முடியும். இதற்காக நடத்துபவர் மட்டும் முழுப் புத்தகத்தையும் முன்பே படித்திருக்கவேண்டும்.

முதல் ஐம்பது பக்கம் புரியாது என்பதை எல்லோருக்கும் முன்பே சொல்லுங்கள். புதிய உலகத்தைக் கட்டும் ஆசிரியர்கள் பலர் வேண்டுமென்றே விளக்காமல் உள்ளே இழுத்துவிடுவார்கள். ஊருக்குப் புதிதாக வந்தவன் மாதிரி நடந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்', 1965, பின்னால் சொல்லகராதியே வைத்திருக்கிறது. அது இருப்பது தெரியாமல் பாதிப் புத்தகம் வரை தவித்தவர்கள் உண்டு. படிக்கத் தொடங்கும் முன் கடைசிப் பக்கங்களைப் புரட்டி வரைபடம், பெயர்ப்பட்டியல், அகராதி இருக்கிறதா பாருங்கள்.

ஒன்றரை மணி நேரத்தை நாங்கள் இப்படிப் பிரிக்கிறோம். முதல் பத்து நிமிடம் தேநீர், முறுக்கு, ஊர்க்கதை. அடுத்த பதினைந்து நிமிடம் படித்தவர்கள் படிக்காதவர்களுக்குக் கதை சொல்வது. பிறகு நாற்பது நிமிடம் பேச்சு. பதினைந்து நிமிடம் சொல் நோட்டு. கடைசிப் பத்து நிமிடம் அடுத்த கூட்டத்துக்கு. கதை சொல்வதற்கு முன் பேச்சைத் தொடங்கினால் படிக்காதவர்கள் ஊமையாக உட்கார்ந்திருப்பார்கள், இந்த வரிசை மாறக்கூடாது.

பேச்சைத் தொடங்க 'பிடித்ததா?' என்று கேட்காதீர்கள். பிடித்தது, பிடிக்கவில்லை என்று இரண்டு சொல்லில் முடிந்துவிடும். அறிவியல் புனைவானால்: நம் உலகத்திலிருந்து மாற்றிய ஒரே விஷயம் எது, அதனால் சமையலறை வரை என்னவெல்லாம் மாறியிருக்கிறது? ஃபேண்டஸியானால்: மாயத்துக்கு விலை என்ன, அதை யார் கொடுக்கிறார்கள்?

பொறியியல் படித்த தம்பிமார் இரண்டு பேர் இருந்தால் 'இது நடக்குமா' என்ற வாதம் முழு நேரத்தையும் தின்றுவிடும். தடுக்கவேண்டாம், பத்து நிமிடம் கொடுங்கள், கதையோடு கட்டிவிடுங்கள். ஆர்தர் கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். 1979-ல் எழுதிய 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவலில் விண்வெளிக்கு ஏறும் ஒரு தூக்கி வருகிறது. கதை நடக்கும் தீவு இலங்கைதான், ஆனால் அதைத் தெற்கே நிலநடுக்கோட்டுக்கு நகர்த்தியிருக்கிறார். ஏன்? தரையில் ஒரே இடத்துக்கு நேர் மேலே நிற்கும் செயற்கைக்கோள், நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில்தான் நிற்கமுடியும். கதைக்காக ஒரு நாட்டையே நகர்த்தியவர், இயற்பியலை நகர்த்தவில்லை. இதைக் கேட்டதும் தம்பிமார் கணக்குப் போடத் தொடங்குவார்கள், மற்றவர்கள் யாழ்ப்பாணம் எங்கே போயிருக்கும் என்று பேசத் தொடங்குவார்கள்.

9. மனம் நோகக்கூடிய இடங்கள்

மாயம், சூனியம் என்றாலே சில கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தயக்கம் இருக்கும், சில சைவக் குடும்பங்களுக்கும் உண்டு. புத்தகத்தில் என்ன வருகிறது என்று பிள்ளையின் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் பிள்ளைக்கு அந்த மாதம் சொல் நோட்டுப் பொறுப்பு. மறைத்துவைத்துப் பிறகு தெரிந்தால் பிள்ளை மட்டுமில்லை, அந்தத் தெருவே வராது.

இதைவிட ஆழமாகப் போகும் இடம் ஒன்று உண்டு. ஆக்டேவியா பட்லரின் 'கிண்ட்ரெட்', 1979. 1976-ல் கலிஃபோர்னியாவில் வாழும் டேனா என்ற கறுப்பினப் பெண், தன் முன்னோர்கள் இருந்த மேரிலாண்டின் அடிமைப் பண்ணைக்கு இழுக்கப்படுகிறாள். பெரியவர்களோடு மட்டும் படியுங்கள். எங்கள் வட்டத்தில் அதைப் படித்த நாளில், தாத்தா ஒருவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, நூறு வருடம் பின்னால் இழுத்தால் நான் கரும்புத் தோட்டத்தில்தான் போய் விழுவேன் என்றார். இன்னொருவர் அவ்வளவு தூரம் போகவேண்டாம், கேட்டோ மேனரிலிருந்து எங்கள் வீட்டைக் காலி செய்த நாளுக்கு இழுத்தாலே போதும் என்றார். நிறவெறி ஆட்சியில் நம் ஆட்களை வெளியேற்றிய டர்பன் பகுதி அது.

அந்த நேரத்தில் நடத்துபவர் செய்யவேண்டியது நேரத்தைப் பார்க்காமல் இருப்பது. அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள், நோட்டை எடுக்காதீர்கள். அன்று நாங்கள் சொல் நோட்டைத் திறக்கவே இல்லை. அதற்காகத்தான் இந்த நாவலை முதல் வருடத்தில் வைக்கவேண்டாம் என்கிறேன். ஒருவர் முன் ஒருவர் அழக்கூடிய அளவுக்குப் பழகியிருக்கவேண்டும்.

10. தமிழிலேயே எழுதிய கதைக்கு எப்போது போவது

ஆறு மாதம் கழித்து. முதலிலேயே தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தால் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்கு அது வகுப்புப் பாடமாகிவிடும். ஆறு மாதம் தமிழில் கதை பேசிய பிறகு அதே பிள்ளைகள் 'தமிழில் இப்படி எழுதியவர் யாரும் இல்லையா?' என்று தாங்களே கேட்கிறார்கள். கேட்கும்வரை காத்திருங்கள்.

அப்போது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. கதை நடக்கும் எதிர்காலம் 2021. ஜீவா என்ற சர்வாதிகாரி ஆளும் இந்தியா. நிலா என்ற பெண், ஜீனோ என்ற இயந்திர நாய். வாராவாரம் வந்த தொடர் என்பதால் ஒவ்வொரு அத்தியாயமும் சின்னது, கொக்கி போட்டு நிற்கும், சத்தமாக வாசிக்கவே எழுதியது போல இருக்கும். எழுத்து தெரிந்தவர் வாசிக்க மற்றவர் கேட்கட்டும். இங்கே வேலை தலைகீழாகிறது: ஆயாக்களும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் சொல்ல, பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர் எதிர்பார்த்த 2021-ஐ நாம் வாழ்ந்து கடந்த 2021-உடன் வைத்துப் பார்க்க ஒரு முழுக் கூட்டம் ஒதுக்குங்கள். முடித்துவிட்டு 'மீண்டும் ஜீனோ'.

11. எழுந்து போகும் முன்

கடைசிப் பத்து நிமிடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். அடுத்த நாள், அடுத்த பகுதி, அடுத்த முறை கதை சொல்லப்போகிறவர் பெயர், எந்தப் பிரதி யார் கையில் போகிறது: நான்கையும் நோட்டின் அந்த வாரப் பக்கத்தின் அடியில் எழுதி, சத்தமாக வாசியுங்கள். வீட்டுக்குப் போய்ச் செய்தி அனுப்பிக்கொள்ளலாம் என்று விட்ட ஒவ்வொரு முறையும் ஒரு பிரதி காணாமல் போயிருக்கிறது, ஒருவர் நாளை மறந்திருக்கிறார்.

கதை சொல்பவரின் பெயரை எழுதும்போது, அன்று மிகக் குறைவாகப் பேசியவரைப் பார்த்துக் கேளுங்கள். "அடுத்த வாட்டி நீ சொல்றியா கண்ணு?" என்று ஆயா கேட்டால் இன்னும் நல்லது. எங்கள் வட்டத்தில் அதற்கு இதுவரை யாரும் முடியாது என்று சொன்னதில்லை.